மந்திரத்திற்கு எத்தனை யூல்?

'சக்தி' என்று நம் நாட்டுப் பௌதிகவியல் நூல்கள் கூறுவதைத் தமிழ்நாட்டு நூல்கள் 'ஆற்றல்' என்று கூறும். நாம் 'வலு' என்பதை அவர்கள் 'திறன்' என்பர். 'விசை' மட்டும் கடலின் இரு கரையிலும் விசையாகவே நிற்கின்றது. சொல் வேறாயினும் பொருள் ஒன்றே. வேலை செய்வதற்கான இயலளவு சக்தி; வேலை செய்யப்படும் வீதம் வலு. சக்தியை யூலால் அளக்கின்றோம். வலுவை உவாற்றால் அளக்கின்றோம். இதில் மயக்கத்திற்கு இடமில்லை.

ஆயின் 'சக்தி' என்ற சொல்லுக்கு வேறொரு வீடும் உண்டு. அது கோயிலில் இருப்பது. மந்திரத்தில் இருப்பதாகச் சொல்லப்படுவது. "சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை உரத்துப் படிக்கும்போது, அடுத்த வகுப்பில் சைவ சித்தாந்தம் சொல்லிக்கொண்டிருக்கும் நான் ஒரு கணம் திகைப்பதுண்டு. எந்தச் சக்தியைச் சொல்கின்றான் பிள்ளை?

இப்பொழுது இச்சொல்லுக்கு மூன்றாவது வீடு ஒன்றும் தேடவேண்டி வந்திருக்கின்றது. அதுவே இக்கட்டுரைக்குக் காரணம்.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று ஒன்று உண்டு. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதை நடத்துவார். நமது கூத்தின் அண்ணாவியாரை ஒருவாறு ஒப்பர் அவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். ஒருவன் வாள்வீரன், ஒருத்தி மந்திரக்காரி, இன்னொருவன் கள்வன். ஒப்பனை இல்லை, மேடை இல்லை, மனப்பாட வசனமும் இல்லை. "நான் இக்கதவைத் திறக்கின்றேன்" என்று ஒருவன் சொன்னால் கதவுக்கு அப்பால் என்ன இருந்தது என்பதை நடத்துவோர் சொல்வார். ஐயமான இடத்தில் தாயக்கட்டை தீர்ப்புச் சொல்லும். நம் தாயக்கட்டை போன்றதன்று அது. இருபது முகம் உடையதும் அவற்றில் உண்டு. 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஜெனீவா ஏரி என்னும் சிற்றூரிலிருந்து இவ்வகையின் முதல் நூல் வெளிவந்தது. கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அதன் ஆசிரியர். 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது பெயர். சிறுநூல்கள் மூன்று கொண்ட ஒரு பெட்டியாக அது வந்தது. அதன் வழியில் இன்று எத்தனையோ விதிநூல்கள் உள.

இலக்கியப் பக்கத்தில் விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பலர் கூடி ஒரு கதையை அப்போதைக்கப்போது ஆக்கும் தொழில் இது. அந்தக் கதைக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். இலக்கணம் எழுதப்பட்ட எதுவும் பண்டிதனுக்குப் புறம்பானதன்று.

இனி, மந்திரம். கதையில் மந்திரவாதி ஒருவனை விட்டால் அவன் எல்லாவற்றையும் செய்துவிடுவான். வாள்வீரனுக்கு வேலை இராது. காவியப் புலவனுக்கு இது இடரன்று. வேண்டிய இடத்தில் மந்திரத்தை வரவழைப்பான், வேண்டாத இடத்தில் ஒரு சாபத்தால் அதனை மறக்கச் செய்வான். விளையாட்டிலோ எதிரே நால்வர் இருந்து நியாயம் கேட்கின்றனர். ஆகவே மந்திரத்திற்கு விலை வைக்க வேண்டியதாயிற்று. யாங்ஙனம் விலை வைத்தனர் என்பதுதான் சுவையான பகுதி.

கைகாக்ஸ் மறதியை விலையாக வைத்தார். ஜக் வான்ஸ் என்னும் அமெரிக்கக் கதாசிரியர் 1950 இல் வெளியிட்ட 'இறக்கும் பூமி' என்ற நூலில் வரும் மந்திரவாதிகள், மந்திரத்தை வருந்தி மனனம் பண்ணுவர். ஒருமுறை உச்சரித்ததும் அது நெஞ்சை விட்டு நீங்கிவிடும். அம்முறையையே விளையாட்டு ஏற்றது. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறியதும் நன்னூற் சூத்திரங்களை உதறிவிடும் என் மாணாக்கர் சிலருக்கு இந்த மந்திர நூல் புதிதாகத் தோன்றாது.

அடுத்த ஆண்டே, 1975 இல், கென் செயின்ற் அன்ட்ரே என்பவர் 'டனல்ஸ் அன்ட் ட்ரோல்ஸ்' என்றொரு விதிநூல் செய்தார். அவர் வைத்த விலை உடல் வலிமை. மந்திரம் சொன்னவனுடைய வலிமை எண் குறையும், இளைப்பாறினால் மீளும். இதனை நான் மிகவும் மெச்சுகின்றேன். மந்திரம் சொன்னவன் கல்லுடைத்தவனைப் போலக் களைத்து உட்காருகின்றான். 1986 இல் ஸ்ரீவ் ஜக்சன் நிறுவனத்தார் வெளியிட்ட 'கேர்ப்ஸ்' என்னும் விதிநூலும் இவ்வழியே சென்றது. அங்கே களைப்புக்கு எண் உண்டு. சாதாரண மனிதனுக்குப் பத்து. பத்து நிமிடம் ஓய்ந்திருந்தால் ஒன்று மீளும்.

இன்னொரு சாரார் 'மானா' என்ற சொல்லை எடுத்தாண்டனர். பசிபிக் தீவு மக்களின் மொழிகளுக்கு உரிய சொல் அது. கொட்ரிங்ரன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1891 இல் மெலனேசியரைப் பற்றி எழுதிய நூலால் ஐரோப்பிய அறிஞரிடையே பரவியது. மனிதரிடத்தும் பொருள்களிடத்தும் தங்கி, இயல்பான மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டதைச் செய்விப்பது என்று அவர் விளக்கினார். பொலினீசிய மக்களிடையே தலைமையும் மதிப்பும் கூட அச்சொல்லில் அடங்கும். அத்தகைய சொல்லை இன்று கணினி விளையாட்டில் ஒரு நீலக் கோடாக வரைந்து வைத்திருக்கின்றனர். தன் ஊரை விட்டுப் போன சொல்லுக்கு நேரும் கதி இது.

விலை எண்ணாகிவிட்டது. எண்ணானபின் ஒரு வினா தவிர்க்கமுடியாதது. இவ்விளையாட்டை ஆடும் எங்கள் ஊர் இளைஞர் சிலர், விதிநூலைத் தமிழாக்கும் ஆசையோடு சொல் கேட்டு என்னிடம் வந்தவர்கள், அந்த வினாவையும் கொண்டுவந்தனர். "பண்டிதர் ஐயா, மந்திரத்துக்குச் சக்தி என்று போடுவதா, வலு என்று போடுவதா? சக்தி என்றால் அதற்கு எத்தனை யூல்?"

எத்தனை யூல் என்று கேட்டால் பண்டிதன் என்ன செய்வான்? எங்கள் கல்லூரிப் பௌதிகவியல் ஆசிரியரை அழைத்துக்கொண்டேன். 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' நூலின் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பில் மூன்று மந்திரங்களை எடுத்தோம். அந்நூல் மந்திரங்களைத் தரம் பிரித்திருக்கின்றது. தரம் உயர உயர விலையும் உயரும்.

முதலாம் தரத்தில் நீரைப் படைக்கும் மந்திரம். புதுப் பயிற்சியாளனும் சொல்லலாம். பத்து அமெரிக்கக் கலன், அதாவது ஏறத்தாழ 38 லீற்றர் நன்னீர் வெறும் வெளியில் தோன்றும். இரண்டாம் தரத்தில் மிதக்கும் மந்திரம். 500 இறாத்தல் வரையுள்ள பொருளை 20 அடி உயரத்துக்கு எழுப்பலாம். மூன்றாம் தரத்தில் தீக்கோளம். 20 அடி ஆரை கொண்ட உருண்டையாக நெருப்பு விரியும்.

மிதப்பதிலிருந்து தொடங்கினோம். 500 இறாத்தல் என்பது 227 கிலோகிராம். அதனை ஆறு மீற்றருக்குச் சற்று மேலே தூக்க ஏறத்தாழ 13,600 யூல் போதும். உணவுக் கணக்கில் இது மூன்றே கால் கிலோகலோரி. ஒரு தேக்கரண்டிச் சோறு. உடம்பு வெப்பமாக வீணாக்குவதையும் சேர்த்தால் ஒரு கவளம். "தூக்கியபின் பத்து நிமிடம் அந்தரத்தில் வைத்திருக்க வேண்டுமே, அதற்கு?" என்று கேட்டேன். "அதற்கு ஒன்றும் வேண்டாம். மேசைகூடக் கோப்பையைத் தாங்கி நிற்கின்றது, மேசை வேலை செய்வதில்லை" என்றார் நண்பர். மேசைக்குக் கை நோவதில்லை என்பது என் எண்ணம்; சொல்லவில்லை.

தீக்கோளத்தை அடுத்துப் பார்த்தோம். 20 அடி ஆரை கொண்ட கோளத்தின் கனவளவு 33,500 கன அடி. 1978 ஆம் ஆண்டு நூல் 33,000 என்று தானே அச்சிட்டிருக்கின்றது. (யேம்ஸ் உவாற்று, ஒரு குதிரையின் வலு நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலை என்று வைத்தார். இரண்டும் ஒரே எண்ணாயது தற்செயலே. ஆயினும் நீராவி எந்திரத்தை விற்க வந்தவருக்கும், வாங்குவோர் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் தேவைப்பட்டது.) அவ்வளவு வெளியில் அடங்கும் காற்றின் திணிவு ஏறத்தாழ ஆயிரம் கிலோகிராம். அதனை ஐந்நூறு பாகை சூடேற்றுவதாக வைத்தோம். ஐம்பது கோடி யூல் வந்தது. கேட்க மலைப்பாயிருக்கின்றது, ஆனால் பதினைந்து பதினாறு லீற்றர் பெற்றோலை எரித்தால் அவ்வளவு கிடைத்துவிடும்.

இவ்விடத்தில்தான் சக்திக்கும் வலுவுக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தோன்றியது. மூலையில் கிடக்கும் பெற்றோல் கலனும் தீக்கோளமும் சக்தியால் ஒத்தவை. ஆனால் தீக்கோளம் அதனை ஒரு செக்கனில் கொட்டிவிடுகின்றது. ஆகவே அதன் வலு 500 மெகாவாற்று. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் ஒரு பிறப்பாக்கி 300 மெகாவாற்று. மூன்றும் சேர்ந்து 900. ஒரு மந்திரவாதி கையை நீட்டிய அந்தச் செக்கனில் நுரைச்சோலையின் பாதிக்கு மேலாக நிற்கின்றான். மறு செக்கனில் அவன் வெறும் மனிதன். ஓய்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 உவாற்று வீதத்தில் சக்தியைச் செலவிடுகின்றது. அந்த வீதத்தில் ஐம்பது கோடி யூலைச் சேர்க்க 58 நாள் செல்லும். 'கேர்ப்ஸ்' விதிப்படி பத்து நிமிட ஓய்வுக்கு ஒரு களைப்பெண் மீள்வதாயின், அந்த எண் 60,000 யூலுக்கு மேற்பட வழியில்லை. தீக்கோளத்துக்கு எண்ணாயிரத்துக்கு மேல் களைப்பெண் வேண்டும். உள்ளதோ பத்து.

முதலாம் தரத்து நீரை இறுதிக்கு வைத்திருந்தோம். எளிய மந்திரம் என்று எண்ணியதே காரணம். நண்பர் கடுதாசியில் எழுதியவாறே பேசாமலிருந்தார். பிறகு காட்டினார். ஐன்ஸ்டைன் 1905 இல் கண்ட சமன்பாட்டின்படி, ஒரே ஒரு கிராம் பொருளை இல்லாமையிலிருந்து ஆக்க 90 இலட்சம் கோடி யூல் வேண்டும். 1945 இல் ஹிரோசிமாவை அழித்த குண்டு வெளிவிட்டது ஏறத்தாழ 63 இலட்சம் கோடி யூல். ஒரு கிராம் நீருக்கே அதனினும் மேல். மந்திரவாதி படைத்ததோ 38,000 கிராம். இன்றைய உலகம் முழுதும் இரண்டு நாளில் செலவிடும் எரிசக்தி அது! அதனைச் செய்தவன், பயிற்சி தொடங்கிய பிள்ளை; தாகம் தீர்க்கச் செய்தான்.

"படைக்கவில்லை, காற்றிலுள்ள ஈரத்தைத் திரட்டினான் என்று வைத்துக்கொள்ளலாமே" என்றான் இளைஞருள் ஒருவன். நல்ல வழக்கறிஞன். 30 பாகை வெப்பத்தில் ஈரம் நிறைந்த காற்று கன மீற்றருக்கு 30 கிராம் நீரைக் கொண்டிருக்கும். 1,250 கன மீற்றர் காற்றைப் பிழியவேண்டும். பிழியலாம். ஆனால் ஆவி நீராகும்போது மறைவெப்பம் வெளிப்படும். 38 லீற்றருக்கு அது ஒன்பது கோடி யூலுக்கு மேல். அந்தச் சூடு எங்கே போயிற்று? மந்திரவாதி நீரைக் காட்டுகின்றான், சூட்டை மறைக்கின்றான். கணக்கெழுதுவோர் அறிந்த தந்திரம்தான்.

இப்பொழுது மூன்றையும் நிரலே வைத்துப் பாருங்கள். மலிவான முதலாம் தரத்துக்கு உலகின் இரண்டு நாட் செலவு. அதனினும் விலை கூடிய இரண்டாம் தரத்துக்கு ஒரு கவளம் சோறு. மூன்றாம் தரத்துக்கு ஒரு கலன் பெற்றோல். விலைக்கும் சக்திக்கும் எந்த உறவும் இல்லை.

அப்படியாயின் விதிநூல் எழுதியவர் அறிவிலரா? அன்று. அவர் அளந்தது வேறொன்று. 38 லீற்றர் நீரால் கதையில் ஒன்றும் கெடாது. பாலைவழியில் நால்வர் தாகம் தீரும், அவ்வளவே. மனிதன் ஒருவன் 20 அடி எழுந்தால் கோட்டை மதிலுக்குப் பொருளில்லை, அகழிக்குப் பொருளில்லை. கதை நடத்துவோர் இரவிரவாக வரைந்த படம் வீணாகும். ஆகவே மிதப்பது விலை கூடியது. அவ்விலை பூமியின் ஈர்ப்புக்கு எதிராகச் செய்த வேலைக்கன்று, கதையின் தடைக்கு எதிராகச் செய்த வேலைக்கு.

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இது அந்நியமான அளவையன்று. குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்பது யாது என்று கேட்டால், கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்கிறது தொல்காப்பியம். யாருடைய கண், யாருடைய விரல் என்று அது சொல்லவில்லை. மணிக்கூட்டை எடுத்துவைத்து ஒரு மாத்திரைக்கு எத்தனை செக்கன் என்று அளக்கப் புகுந்தால் விரைந்து பேசுவோனுக்கு ஒன்று, இழுத்துப் பேசுவோனுக்கு ஒன்று என்று வரும். நெடில் குறிலின் இரட்டி என்ற உறவு மட்டும் மாறாது. அவ்வளவு செய்யுளுக்குப் போதும். மந்திர எண்ணும் அத்தகையதே. ஆட்டத்தின் உள்ளே ஒன்றுக்கொன்று உறவு காட்டும் எண் அது.

இதனால் இளைஞர் கேட்ட வினா வீண் என்று நான் சொல்லமாட்டேன். அதனைத் தொடர்ந்து போனவர்களே நல்ல கதை செய்தனர். மந்திரவாதி சக்தியின் உரிமையாளன் அல்லன், வாய்க்கால் காவலன் என்பது ஒரு விடை. குளத்து மதகைத் திறப்பவன் தோள் நோகத் திறக்கின்றான். அவன் தோளுக்கும், பாய்ந்துவரும் நீரின் வேகத்துக்கும் என்ன ஒப்பு? களைப்பெண் மதகு திறந்த களைப்புக்கு. நெருப்பும் நீரும் குளத்திலிருந்து வந்தன. கெட்டிக்கார விடை. ஆனால் உடனே அடுத்த வினா எழுகின்றது: குளம் வற்றாதா?

வற்றும் என்று எழுதியவர் லரி நிவென். 1969 இல் வந்த அவருடைய சிறுகதை ஒன்றில் மானா நிலத்தடி எண்ணெய் போல எடுக்க எடுக்கக் குறைகின்றது. ஓரிடத்தில் நெடுநாள் இருந்த மந்திரவாதியின் மந்திரம் பலிக்காமற்போகின்றது; இடம் மாறினால் மீண்டும் பலிக்கின்றது. காரணம் அறிய அவன் ஒரு வட்டைச் செய்கின்றான். ஓயாமல் விரைவு கூடிச் சுழலும்படி ஏவிவிட்டால் அது அவ்விடத்து மானா முழுவதையும் உறிஞ்சிவிட்டு நிற்கின்றது. கதை வந்து நான்கு ஆண்டு கழித்து, 1973 இல், உலகம் எண்ணெய்க்கு வரிசையில் நின்றது.

நமது பழங்கதைகளில் விசுவாமித்திரர் இதனை அறிவார். பல்லாண்டு தவத்தால் ஈட்டியதைத் திரிசங்குவுக்காக ஒருமுறை செலவிட்டார், சினத்தால் ஒருமுறை செலவிட்டார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தவத்துக்குப் போனார். செலவு உண்டு, வரவு உண்டு. எத்தனை என்ற எண் மட்டும் இல்லை. புலவர் எண் தராமைக்குக் காரணம் நாம் மேலே கண்டதே: அவர் எதிரில் நால்வர் இருந்து நியாயம் கேட்கவில்லை.

வற்றாத குளம் என்று வைத்தாலோ வேறு தொல்லை. ஒரு செக்கன் நுரைச்சோலையாகக் கூடிய மனிதரை உடைய நாட்டில் விறகு சுமப்போர் ஏன்? அத்தகைய மந்திரவாதியை அரசன் அவையில் இருத்தி வாழ்த்துரை கேட்பானா? ஆலையில் கட்டிப்போட்டுச் சில்லுச் சுற்ற வைப்பான். கற்பனை நாடு செய்வோர் இதற்கு விடை வைத்திருத்தல் வேண்டும். வைக்காத நூல்கள் பல. அவற்றில் மாளிகை உண்டு, மந்திரம் உண்டு, உலகம் இல்லை.

இவ்விளையாட்டு பிள்ளைகளின் அறிவைக் கெடுக்கும், மாந்திரிகத்தில் நம்பிக்கை ஊட்டும் என்று சொல்வோர் உளர். 1980களில் அமெரிக்காவிலே சில சமயக் குழுவினர் பெருங் கூச்சலே எழுப்பினர். மந்திரத்தை மெய்யென்று நம்பியவரும் இவ்விளையாட்டுக்கு விதி எழுதியதுண்டு. ஐசக் போன்விற்ஸ் என்பவர் 1970 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேர்க்கிலியில் மாந்திரிகத்தையே பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றவர். 1978 இல், விளையாட்டு மந்திரம் 'உண்மை' மந்திரத்தை ஒத்திருப்பது எப்படி என்று ஒரு நூல் வெளியிட்டார். நம்பிக்கையாளர் நூலினும் செயின்ற் அன்ட்ரேயின் களைத்த மந்திரவாதியே எனக்கு மெய்யாகத் தோன்றுகின்றான். அன்று கடுதாசியும் பென்சிலுமாக எங்களுடன் இருந்த இளைஞர்கள் மந்திரத்தில் நம்பிக்கை கொண்டு எழுந்து போகவில்லை. ஒரு கிராம் என்றால் என்ன என்பதை அறிந்து போனார்கள்.

சொல் கேட்டவர்களுக்கு நான் சொன்ன சொல் 'மந்திர முதல்' என்பது. கையில் உள்ள முதல், செலவிட்டால் குறைவது, உழைத்தால் சேர்வது. சக்தியும் வேண்டாம், வலுவும் வேண்டாம். அவ்விரண்டும் யூலுக்கும் உவாற்றுக்கும் வாழ்க்கைப்பட்ட சொற்கள். 'கடைக்காரன் பேச்சுப் போல இருக்கின்றதே' என்றனர். கடைப் பேச்சுத்தான், விலை என்றால் கடையில்லாமல் எங்கே?

அண்மையில் எங்கள் பகுதியில் ஒருவர் செப்பு வளையங்களைக் கொண்டுவந்து விற்றார். அவற்றுள் சக்தி ஏற்றப்பட்டிருக்கின்றதாம், மூட்டுநோவு போகுமாம். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஒருவர் அம்மாத மருந்துக்கு வைத்திருந்த காசைக் கொடுத்து இரண்டு வாங்கினார். முன் சொன்ன இளைஞருள் ஒருவன் அங்கே நின்றிருக்கின்றான். "இதில் எத்தனை யூல் ஏற்றியிருக்கிறீர்கள்? எத்தனை நாளில் தீரும்? தீர்ந்தால் எப்படி மீளும்?" என்று மரியாதையாகவே கேட்டிருக்கின்றான். விற்பவர், இது அளவுக்கு அப்பாற்பட்ட சக்தி, தம்பி, என்று சொல்லிப் பையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டாராம்.